பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே நிற்பவர்

தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களில் ஒன்று, பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று கற்பிக்கும் கையேடு. முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய இயேசு சபைக் குரு ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் அதை 1580இல் கொச்சியில் அச்சிட்டார். விழுந்தவர் எழுந்து வர ஒரு வழி வேண்டும் என்பது அன்றைய திருச்சபைக்கு அத்தனை அவசரமாகப் பட்டிருக்கிறது. தவக்காலத்தில் நம் கோயில்களில் தொட்டிக்கு முன் நீளும் வரிசை அதன் தொடர்ச்சிதான்.

அந்த வரிசையில் நிற்கத் துணிவு வேண்டும். செய்ததைச் சாக்குச் சொல்லாமல், இன்னொரு மனிதர் காதுபடச் சொல்ல வேண்டும். மனதுக்குள் கடவுளிடம் முறையிடும்போது நம் பாவத்துக்கு நாமே நல்ல பெயர் வைத்துவிடுகிறோம். எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் அது அவ்வளவு எளிதல்ல. கேட்டதை வெளியே சொல்லிவிடும் குரு அக்கணமே திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்படுகிறார். திருத்தந்தையும் இன்னொரு குருவின் முன் முழந்தாளிடுகிறார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மன்னிப்பு காதில் விழுகிறது. பல ஆண்டுகள் குற்றவுணர்வில் புழுங்கியவருக்கு அந்த ஒரு வாக்கியம் செய்யும் நன்மை சிறிதல்ல.

ஆனால் தொட்டியில் இருப்பவர்கள் பாவியும் குருவும் மட்டுமே. யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவருக்கு அங்கே இடமில்லை. இந்த முறையின் ஆழமான குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 250இல் பேரரசர் தேசியுஸின் ஆணைப்படி எல்லாரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டியிருந்தபோது ஏராளமான கிறிஸ்தவர்கள் பணிந்தார்கள். பலியிடாமலே, பலியிட்டதாகச் சான்று வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. வதை ஓய்ந்ததும் அவர்கள் திரும்பி வர விரும்பினார்கள். உரோமையில் குரு நொவாசியன் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்றார். கார்த்தேஜில் ஆயர் சிப்பிரியன் தலைமையில் 251இல் கூடிய சங்கம் அவர்களுக்கு வழி திறந்தது; ஆனால் பலியிட்டவர்கள் சபை அறிய நீண்ட தவம் செய்ய வேண்டும் என்றது. கடுமையான ஏற்பாடு அது. வாழ்நாளில் ஒருமுறைதான் என்று ஆனதால், பின்னாளில் பலர் அதைச் சாவுப்படுக்கை வரை தள்ளிப்போட்டார்கள். ஆயினும் அதில் ஒரு தெளிவு இருந்தது. விசுவாசத்தை மறுதலித்த ஆயர்கள் தவம் செய்து சபைக்குத் திரும்பலாம், பதவிக்குத் திரும்ப முடியாது என்று சிப்பிரியனின் கடிதம் ஒன்று உறுதியாகச் சொல்கிறது. மன்னிப்பு வேறு, பழைய நாற்காலி வேறு.

பிறகு அயர்லாந்துத் துறவிகள் தனிமையில், எத்தனை முறையும் செய்யக்கூடிய அறிக்கையைப் பரப்பினார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயமாக்கியது. பலவீனரான மனிதருக்கு இது பெரும் இரக்கம். அதே வேளையில் தவம் சுருங்கிச் சுருங்கி, மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்வதோடு முடிந்துபோகும் அளவுக்கு வந்தது.

போதனையில் குறையில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுக்கவும் கெடுத்த பெயரைச் சரிசெய்யவும் வேண்டும் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்கிறது. அது நடந்ததா என்று கேட்கத்தான் ஆளில்லை. ஓர் இடத்தில் மட்டும் சட்டம் வியப்பூட்டும் கண்டிப்போடு பேசுகிறது. குற்றமற்ற குரு தன்னைப் பாலியல் பாவத்துக்கு அழைத்ததாகப் பொய்ப்புகார் கொடுத்தவர், அதை முறைப்படி திரும்பப் பெற்று, இழப்பை ஈடுசெய்ய முன்வரும்வரை அவருக்குப் பாவமன்னிப்பு இல்லை என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 982ஆம் விதி. பாதிக்கப்பட்டவர் குருவாக இருக்கும்போது எது முதலில் நடக்க வேண்டும் என்பது திருச்சபைக்கு நன்றாகவே தெரிகிறது. 1950 முதல் குருக்களாலும் துறவியராலும் பாலியல் வன்முறைக்கு ஆளான சிறார் சுமார் 2,16,000 பேர் என்று பிரான்சின் தன்னாட்சி ஆணையம் 2021இல் மதிப்பிட்டது. அந்தப் பிள்ளைகளுக்காக இப்படி ஒரு விதி எழுதப்படவில்லை என்பது என்னை விட்டு அகலாத வேதனை.

தொட்டியைக் கைவிட்ட சபைகள் இதைச் சரிசெய்துவிட்டன என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட் 1988 பிப்ரவரியில் கண்ணீரோடு பாவ அறிக்கை செய்தார். ஓராண்டு பிரசங்கிக்கக் கூடாது என்று அவருடைய சபை அமைப்பு சொன்னது. அவர் மறுத்ததால் ஊழியத் தகுதியைப் பறித்தது. சில மாதங்களில் அவர் மேடைக்குத் திரும்பினார். கண்ணீரே தவத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பேதுரு மூன்று முறை மறுதலித்தும் தலைவராகவில்லையா என்று கேட்பார்கள். ஆனார். ஆனால் அவரை மீட்டெடுத்தவர் யார்? அவர் யாரை மறுதலித்தாரோ அவரேதான். திபேரியாக் கடலோரத்தில், உடன் சீடர்கள் இருந்தபோது, அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, ஒவ்வொரு பதிலுக்குப் பிறகுமே ஆடுகளை ஒப்படைத்தார். சகேயுவும் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அறிவித்த பிறகே, மீட்பு அந்த வீட்டுக்கு வந்தது என்று இயேசு சொல்கிறார்.

பாதிக்கப்பட்டவரைக் குற்றவாளி நேரில் சந்திப்பது சில வேளை புதிய வன்முறையாகும் என்பதை மறுக்கவில்லை. அடிபட்ட மனைவியிடம் போய், மன்னித்து வீட்டுக்குத் திரும்பு என்று வற்புறுத்துவதும் அந்த வகைதான். ஈடு செய்வது என்றால் அவரிடமிருந்து மன்னிப்பைப் பிடுங்குவதல்ல. திருப்பித் தர இயலாத ஏழையிடம் பணம் கேட்பதும் அல்ல. தங்கையின் பங்கை ஏமாற்றி எழுதிக்கொண்ட அண்ணனிடமும் கூலியைப் பிடித்துவைத்த முதலாளியிடமும், திருப்பித் தரத் தயாரா என்று கேட்கலாம். மனம் இல்லை என்று தெரிந்தால் மன்னிப்பை ஒத்திவைக்கலாம். குருவுக்கு இந்த அதிகாரம் இப்போதே இருக்கிறது. தவக்காலத் தியானங்களில் நடத்தும் ஆன்ம சோதனையில், யாருக்கு என்ன திருப்பித் தர வேண்டியிருக்கிறது என்ற கேள்வியைச் சேர்க்க உரோமையிலிருந்து எந்த ஆணையும் வரத் தேவையில்லை.