ஓநாயும் பேரீச்சங்கொட்டையும்: நற்பண்பியலில் மனித இயல்பு

அலஸ்டேர் மெக்கின்டயர் 1981இல் வெளியிட்ட 'நற்பண்புக்குப் பின்' என்னும் நூலை நம் எழுத்தாளர்கள் சிலர் விரும்பி மேற்கோள் காட்டுவர். நவீன மேற்கின் அறமொழி, தன் மூலத்தை இழந்துவிட்ட சிதறல்களின் தொகுப்பே என்பது அந்நூலின் வாதம். எதிர்த்தரப்பே தந்த வாக்குமூலமாக அதனைக் கொண்டு, அத்துடன் நூலை மூடிவிடுகிறோம். 2025இல் தமது 96ஆம் வயதில் மறைந்த அந்த அறிஞர், அதே நூலில் செய்த வேறொரு காரியம் நம் கவனத்திற்கு வருவதில்லை. அரிஸ்டாட்டிலின் நற்பண்புக் கொள்கையை மீட்டெடுத்த அவர், அது ஊன்றி நின்ற மனித இயல்பு என்னும் உயிரியல் அடித்தளத்தை வேண்டாமென ஒதுக்கினார். அதற்கு மாற்றாகக் கூட்டுப் பயில்வு, ஒருவரின் வாழ்க்கைக் கதை, மரபு ஆகிய மூன்றின்மீது நற்பண்பை நிறுத்த முயன்றார்.

மரபு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு மகிழ்ச்சி பிறக்கிறது. ஆயினும் மரபே நற்பண்பின் முழு ஆதாரமெனில், ஒரு மரபையே நோக்கி 'நீ தவறுகிறாய்' என்று சொல்ல எந்த நிலம் எஞ்சும்? அறியாமைக் கால அரபியரும் மரபுடையவரே. பெண்மகவை உயிரோடு புதைத்ததும் அவர்தம் வழக்கத்தில் அடங்கியதுதான். முன்னோர் வழி என்னும் வாதத்தைத் திருக்குர்ஆன் எத்தனை இடங்களில் மறுக்கிறது என்பதை நம் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

மெக்கின்டயரும் அந்நிலைப்பாட்டிலேயே நின்றுவிடவில்லை. 1999இல் வெளிவந்த 'சார்ந்து வாழும் பகுத்தறிவு விலங்குகள்' நூலின் முன்னுரையில், உயிரியலைத் தவிர்த்த அறவியல் இயலும் என்று எண்ணியது பிழை என வெளிப்படையாக எழுதினார். குழந்தைமையிலும் நோயிலும் முதுமையிலும் பிறரைச் சார்ந்தே நிற்கும் உயிர் மனிதன். அந்த இயல்பை மறந்த நற்பண்புக் கொள்கை குறைபட்டதே என்றார். பெற்ற உதவியை நினைக்க நாணும் அரிஸ்டாட்டிலின் பெருமிதக்காரனை அவர் கண்டிக்கும் பக்கங்கள், ஷுக்ரைப் பற்றிப் படித்தவர்க்கு அந்நியமாகத் தோன்றா.

இயல்பை நோக்கிய இத்திருப்பத்தின் வேர் 1958இல் எலிசபெத் அன்ஸ்கம் எழுதிய 'நவீன அறமெய்யியல்' என்னும் கட்டுரையில் இருக்கிறது. சட்டம் வழங்கும் இறைவனை அகற்றிவிட்டு அறக்கடமை என்ற கருத்தை மட்டும் வைத்துக்கொள்வது, நீதிமன்றமும் குற்றவியல் சட்டமும் ஒழிந்தபின் 'குற்றவாளி' என்ற சொல்லைப் புழங்குவது போன்றது என்றார் கத்தோலிக்கரான அவர். இறைவனை ஏற்காதவர் மனித இயல்பைப் பற்றிய தெளிவிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். அவ்வழியே தொலைவு வரை நடந்தவர், அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு தோழியும் இறைநம்பிக்கை அற்றவருமான ஃபிலிப்பா ஃபூட் (1920–2010).

நாஜி முகாம்களின் படங்கள் 1945இல் வெளிவந்தபோது, 'இது கொடுமை' என்பது பேசுவோரின் மனப்பாங்கை வெளியிடும் கூற்று மட்டுமே என்ற அக்கால மெய்யியலை ஏற்க இயலாதென உணர்ந்ததாக ஃபூட் பின்னாளில் கூறியிருக்கிறார். அதற்குரிய விடையை 2001இல் 'இயற்கை நன்மை' என்னும் சிறு நூலாகத் தந்தார். ஆழ வேரூன்றாத ஓக் மரம் குறையுள்ள மரம். கூட்டம் வேட்டையாடிய இரையில் பங்கு கொண்டு, வேட்டையில் சேராத ஓநாய் குறையுள்ள ஓநாய். அவ்வுயிரினம் வாழும் முறையே இங்கு அளவுகோல். நம் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. வாக்குத் தவறுபவனும் இரக்கமற்றவனும் அதே பொருளில் குறையுள்ள மனிதர்கள் என்பது அவர் வாதம்.

எல்லாக் குழந்தையும் ஃபித்ராவிலேயே பிறக்கிறது என்னும் நபிமொழி இதைப் படிக்கும் முஸ்லிமின் நினைவுக்கு வரும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள அந்த நபிமொழியின் பிற்பகுதியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அங்கே நபி (ஸல்) அவர்கள், உறுப்புக் குறைவின்றிப் பிறக்கும் கால்நடைக் கன்றை உவமையாக்குகிறார்கள். காதை அறுப்பது பிறகு மனிதர் செய்யும் வேலை.

இனப்பெருக்கத்திற்கு உதவுவதெல்லாம் நன்மையாகுமா எனப் பரிணாமத்தைக் காட்டி ஃபூட்டை மறுத்தவர் உண்டு. அவர் அளவுகோல் உயிரினத்தின் வாழ்க்கை வடிவமேயன்றி அதன் பரிணாம வரலாறு அன்று. ஆதலால் அத்தடை அவரைச் சாய்க்காது. அவரைச் சோதிப்பது அவரே எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி. சூடெட்டன்லாந்தின் உழவர் குடும்பத்து இளைஞன் ஒருவன், எஸ்.எஸ். படையில் சேர மறுத்ததற்காக 1944இல் மரண தண்டனைக்கு உள்ளானான். அவன் வீட்டாருக்கு எழுதிய கடிதத்தை முன்வைத்து ஃபூட் சிந்திக்கிறார். நற்பண்பு மனிதனின் நல்வாழ்வுக்கானதெனில், நற்பண்பே அவன் உயிரைப் பறித்ததை என்னென்பது? ஒரு பொருளில் அவன் நல்வாழ்வைத் தியாகம் செய்தான். இன்னொரு பொருளில் செய்யவில்லை, ஏனெனில் இழிசெயலுக்கு உடன்பட்டுப் பெறும் வாழ்வு அவனுக்கு நல்வாழ்வாகாது என்கிறார். எளிய ஆறுதலைத் தேடாத, நேர்மையான விடை இது. ஆயினும் ஓநாய் இங்கே உதவாது. இவ்வுலக வாழ்வே மனித இயல்பின் எல்லையெனில், அவ்விளைஞனின் இயல்பு இடையில் முறிந்தது என்றே முடிக்க வேண்டும்.

இஹ்யாவின் 'ரியாளத்துந் நஃப்ஸ்' பகுதியில், குணம் மாறாது என்போரை மறுக்கும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பேரீச்சங்கொட்டையை எடுத்துக் காட்டுகிறார்கள். அது பேரீச்ச மரமும் அன்று, ஆப்பிளும் அன்று. பராமரித்தால் பேரீச்ச மரமாகும். எவ்வளவு பராமரித்தாலும் ஆப்பிளாகாது. ஃபூட்டின் ஓக் மரத்துக்கு அருகில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். இயல்பு என்பது இங்கே நாடிச் செல்லும் ஆற்றல். அதற்குப் பண்படுத்துவோர் தேவை. மனித உள்ளத்தின் முதிர்ச்சி இறைவனை அறியும் மஃரிஃபா என்பதால் மரணம் அதனைத் துண்டிப்பதில்லை.

மறுமைக் கூலியைச் சேர்த்துக் கணக்கை நேராக்குகிறீர்கள் என ஃபூட்டின் தரப்பார் கேட்கலாம். சொர்க்கத்தை மட்டும் கருதிச் செயல்படுவோரைக் கூலியாளின் தரத்தில் வைத்தவர் கஸ்ஸாலி அவர்களே. வெளியிலிருந்து தரப்படும் ஊதியம் வேறு, கொட்டை மரமாவது வேறு.

நம் தரப்பில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும். பிடிக்காத பழக்கம் எதையும் 'ஃபித்ராவுக்கு மாறானது' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. காரணம் காட்டும் உழைப்பை ஃபூட் மேற்கொண்டார். ஹிஜ்ரி 421இல் மறைந்த மிஸ்கவைஹ் 'தஹ்தீபுல் அக்லாக்'கில் மேற்கொண்டார். மனிதன் கூடிவாழும் இயல்பினன் என்று தொடங்கி, ஒதுங்கி வாழும் துறவியிடம் நற்பண்பு விளங்க இடமில்லை என்று காட்டி, ஜமாஅத் தொழுகை, ஜும்ஆ, ஹஜ் ஆகியவற்றின் பயனையும் அதிலிருந்தே விளக்கினார். நம் அரபுக் கல்லூரிகளில் 'ரியாளத்துந் நஃப்ஸ்' பெரும்பாலும் உபதேசமாகவே வாசிக்கப்படுகிறது. அதனை வாதமாகக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், ஃபூட்டின் நூலில் அவ்விளைஞனைப் பற்றிப் பேசும் ஆறாம் அத்தியாயத்தையும் உடன் வைத்துக்கொள்ளலாம்.