கருவி விவரணமும் நடைமுறை உரைகல்லும்

1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் தேயிலை, றப்பர்த் தோட்டத் துரைமாருக்கென ‘கூலித் தமிழ்’ என்னும் நூலை ஆக்கினார். மலையகத் தொழிலாளரின் மொழி அங்கு வேலை வாங்கும் கருவியாகவே விவரிக்கப்பட்டது. விவரணம் எவருக்காக எழுதப்படுகின்றதோ அவரது தேவையையே அது பேசும்.

இன்று கைபேசிச் செயலிகளின் உள்ளமைப்பைப் பிரித்தறியும் பணியில் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் ஈடுபடுத்தப்படுகின்றன. முகவர் கருவியின் உள்ளே காண்பதில்லை. விவரணத்தை வாசித்தே தெரிவு செய்கின்றது. ஜாடெக்ஸ், தொகுக்கப்பட்ட நிரலை ஜாவா வடிவில் மீட்கும். ஃபிரீடா, இயங்கும் செயலியை அவதானிக்கும். இரண்டையும் ‘செயலியை ஆராயும்’ என்றே விவரித்தால் தெரிவு பிழைக்கும். செயலியின் குறை மறைந்தே கிடக்கும். ஆதலின் நடையழகன்று, நடைமுறையே உரைகல். கருவி எதைச் செய்யாது என்பதையும் விவரணம் கூறல் வேண்டும். கூறாதவிடத்து நட்டம் எழுதியவருக்கன்று. ஹற்றன் லயமொன்றில் அச்செயலியை நம்பித் தன் விவரங்களை ஒப்படைக்கும் தொழிலாளிக்கே என்பது நமது முடிபு.