ரோஸி வீட்டுக்கு வந்த நாள்: ‘தி ஜெட்சன்ஸ்’ முதல் எபிசோடை எப்படி ரசிப்பது?

‘தி ஜெட்சன்ஸ்’ கார்ட்டூனைப் பார்க்க உட்காரும் பலர் கையில் ஒரு பட்டியலோடுதான் உட்காருகிறார்கள். முகம் பார்த்துப் பேசும் போன், வந்துவிட்டது. சுவரோடு ஒட்டிய தட்டை டிவி, வந்துவிட்டது. தானாகத் தரையைப் பெருக்கும் இயந்திரம், அதுவும் வந்துவிட்டது. பறக்கும் கார் மட்டும்தான் பாக்கி. இப்படி டிக் அடித்துக்கொண்டே போனால் எபிசோட் முடிந்துவிடும், ஆனால் அதைப் பார்த்ததாக ஆகாது. ஜோசியம் பலித்ததா என்று பார்ப்பதற்காக எடுக்கப்பட்ட தொடர் இல்லை அது. அதன் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பிடிக்க ஒரே ஒரு எபிசோட் போதும்: 1962 செப்டம்பர் 23, ஞாயிறு இரவு, அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் வந்த முதல் எபிசோட், ‘ரோஸி தி ரோபோ’.

கதை எளிமையானது. நூறு வருடம் கழித்து, ஆர்பிட் சிட்டி என்ற நகரத்தில், வானத்தில் நிற்கும் அடுக்குமாடி வீட்டில் ஜார்ஜ் ஜெட்சன் குடும்பம் வாழ்கிறது. மனைவி ஜேன், பதின்வயது மகள் ஜூடி, சின்ன மகன் எல்ராய். சமையல் இயந்திரம் தகராறு செய்கிறது. பட்டன் அழுத்தி அழுத்தியே ஜேனுக்கு அலுத்துப்போகிறது. ஒருநாள் இலவசச் சோதனைக்கு ஒரு வேலைக்கார ரோபோவை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். அதே இரவில் ஜார்ஜின் முதலாளி மிஸ்டர் ஸ்பேஸ்லி சாப்பிட வருகிறார். ஜார்ஜுக்கோ சம்பள உயர்வு வேண்டும். வேலைக்கு ஆள் வைத்திருப்பவனுக்குச் சம்பள உயர்வு எதற்கு என்று முதலாளி கொதித்துப்போகிறார்.

இவ்வளவுதான் கதை. இதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? முதலாளி விருந்துக்கு வரும் இரவில் வீடு படும் பாடு அந்தக் கால அமெரிக்க டிவி நகைச்சுவைத் தொடர்களில் அடித்துத் துவைத்த சமாசாரம். தொடரை உருவாக்கிய வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் அதை வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் முன்பு ‘தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ மூலம் அதே குடும்பக் கதையைக் கற்காலத்துக்கு அனுப்பி வெற்றி கண்டவர்கள் அவர்கள். இப்போது எதிர்த்திசையில் அனுப்பினார்கள். கருவிகள் எல்லாம் மாறுகின்றன, மனிதர்களின் அலுப்பும் பயமும் ஆசையும் அப்படியே இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் கண்ணை வைக்க வேண்டும்.

முதலில் டைட்டிலைத் தவறவிடாதீர்கள். ஹாய்ட் கர்ட்டின் இசையமைத்த அந்தப் பாட்டில் சொற்கள் மிகக் குறைவு. குடும்பத்தில் யார் யார் என்று பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதோடு சரி. மீதியைப் பித்தளைக் கருவிகளின் வேகமே பார்த்துக்கொள்கிறது. ஜார்ஜ் பறக்கும் காரில் கிளம்பி, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கண்ணாடிக் குமிழிகளில் பள்ளிக்கு இறக்கிவிடுகிறான். ஜேனை ஷாப்பிங் சென்டரில் இறக்கும்போது ஒரு நோட்டை எடுத்து நீட்டுகிறான்; அவள் பர்ஸையே வாங்கிக்கொண்டு போகிறாள். அலுவலகம் வந்ததும் கார் மடங்கி ஒரு பெட்டியாகிறது. ஒரு நிமிடத்துக்குள் தொடரின் மொத்தச் சூத்திரமும் வந்துவிட்டது. கார் பறக்கலாம், பெட்டியாகச் சுருங்கலாம். கணவனின் பர்ஸ் மட்டும் 1962-இலேயே இருக்கிறது.

அடுத்து, ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். ஹன்னாவும் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ எடுத்து ஏழு ஆஸ்கர் விருது வாங்கிக் கொடுத்தவர்கள். ஏழெட்டு நிமிடப் படம் ஒன்றுக்கு மாதக்கணக்கில் உழைத்துப் பழகியவர்கள். 1957-இல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடிவிட்டது. சொந்த நிறுவனம் தொடங்கிய பிறகு, டிவிக்காக வாராவாரம் அரை மணி நேர எபிசோட் தர வேண்டியிருந்தது. பணமும் குறைவு, நேரமும் குறைவு. அதனால் உடம்பு அசையாமல் நிற்கும், வாய் மட்டும் அசையும், கை தேவைப்பட்டால் மட்டும் மேலே போகும். ‘டாம் அண்ட் ஜெர்ரி’யின் துள்ளலை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். கை கட்டப்பட்ட ஓவியர்கள் அந்த மிச்சத் திறமையை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று பாருங்கள்: பின்னணியில்.

ஒரு காட்சியை அப்படியே நிறுத்திப் பாருங்கள். ஒல்லியான தண்டின் மேல் தட்டு வைத்ததுபோல் நிற்கும் கட்டடங்கள், வளைந்து போகும் கண்ணாடிச் சுவர்கள், நட்சத்திரம் வெடித்துச் சிதறுவதுபோன்ற அலங்காரங்கள். இவை ஆகாயத்திலிருந்து பிடித்த கற்பனைகள் அல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் அப்போது காபிக் கடைகளையும் கார் கழுவும் நிலையங்களையும் இந்தப் பாணியில்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜான் லாட்னர் வடிவமைத்த ‘கூகீஸ்’ என்ற காபிக் கடையின் பெயரே அந்தக் கட்டடக் கலைக்கும் நிலைத்தது. அந்த ஊர் விமான நிலையத்தில் நான்கு கால் ஊன்றிய விண்கலம்போல் நிற்கும் தீம் பில்டிங் 1961-இல் வந்தது. 1962 ஏப்ரலில் சியாட்டில் உலகக் கண்காட்சிக்காக 605 அடி உயர ஸ்பேஸ் நீடில் திறந்தது. ஆக, ஓவியர்கள் தாங்கள் தினம் கடந்துபோன தெருவைத்தான் மேகத்துக்கு மேலே தூக்கி வைத்தார்கள்.

அந்த வருடமே அப்படிப்பட்ட வருடம். பிப்ரவரியில் விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றி வந்தார். ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி டிவிப் படத்தைக் கொண்டுபோனது. நிலவுக்குப் போவோம் என்று ஹூஸ்டனில் அதிபர் கென்னடி பேசியது செப்டம்பர் 12. ரோஸி திரையில் வந்தது அதற்குப் பதினோரு நாள் கழித்து. ஏபிசி வண்ணத்தில் ஒளிபரப்பிய முதல் தொடர் இதுதான். ஆனாலும் வண்ண டிவி அன்று மிகச் சில வீடுகளில்தான் இருந்தது. அந்த இளநீலத்தையும் இளஞ்சிவப்பையும் முதல் இரவில் பெரும்பாலோர் கறுப்பு வெள்ளையாகத்தான் பார்த்தார்கள். இன்று நமக்கு முழு வண்ணத்தில் கிடைப்பதை, பின்னணி ஓவியங்களைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒலியைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உடம்பு அசையாத இடத்தில் குரல்தான் நடிக்க வேண்டும். ஜேனுக்குக் குரல் பென்னி சிங்கிள்டன். ‘பிளாண்டி’ படங்களில் இல்லத்தரசியாகவே வருடக்கணக்கில் நடித்துப் புகழ் பெற்றவர். ஸ்பேஸ்லிக்குக் குரல் மெல் பிளாங்க். பக்ஸ் பன்னி பேசிய அதே தொண்டை. ரோஸிக்குக் குரல் ஜீன் வேண்டர் பைல்; ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் தொடரின் வில்மாவும் அவர்தான். ரோஸியின் பேச்சில் இயந்திரத்தின் தட்டை ஒலி துளிக்கூட இல்லை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அதட்டல், எல்லாம் பார்த்துவிட்ட ஒரு நடுவயதுப் பெண்ணின் நிதானம். வீட்டு எஜமானர் ஜார்ஜை ‘மிஸ்டர் ஜே’ என்று சுருக்கிக் கூப்பிடும் உரிமை. அப்போது ஓடிக்கொண்டிருந்த ‘ஹேசல்’ தொடரில் ஷெர்லி பூத் நடித்த வேலைக்காரப் பெண்ணின் சாயல் இது. அன்றைய ரசிகர்கள் உடனே கண்டுகொண்டிருப்பார்கள்.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் காட்சிக்கு வருகிறேன். ஜேன் ரோபோ வாடகைக் கடைக்குப் போகிறாள். முதலில் வருவது பிரிட்டிஷ் உச்சரிப்பில் பேசும் ஒன்று. அடுத்து வருவது பிரெஞ்சு நளினத்தோடு ஒன்று. மூன்றாவதாக ரோஸி. கடையில் காட்டிக் காட்டியே ஓடித் தேய்ந்த பழைய டெமோ மாடல். சக்கரத்தில் உருண்டு வரும் கட்டைகுட்டையான தகர உடம்பு, இடுப்பில் ஏப்ரன். ஜேன் தேர்ந்தெடுப்பது இவளைத்தான்.

இந்த ஊரில் பழசு என்று ஒரு பொருளையும் நாம் பார்ப்பதில்லை. சுவர் புதுசு, கார் புதுசு, சாப்பாடே பட்டனிலிருந்து புதுசாக வருகிறது. அந்த உலகத்துக்குள் ஒரு பழைய பொருள் உருண்டு வரும்போதுதான் கதைக்கு உயிர் வருகிறது. அவள் எல்ராயோடு விளையாடுகிறாள், ஜூடியின் வீட்டுப்பாடத்துக்கு உதவுகிறாள். ஓர் இரவுக்குள் குடும்பம் அவளோடு ஒட்டிக்கொள்கிறது. திறமையான ரோபோ என்பதால் அல்ல, பழகிய மனுஷிபோல இருப்பதால்.

சாப்பாட்டு மேசைக் காட்சியில் வரும் பலகாரத்தையும் கவனியுங்கள். அது அன்னாசிப்பழ அப்சைட்-டவுன் கேக். டின் அன்னாசி அமெரிக்கச் சமையலறைகளில் பரவிய 1920-களிலிருந்து வீட்டுக்கு வீடு செய்து வந்த கேக் அது. அதாவது 1962-இலேயே அம்மா கைப்பக்குவம். ஸ்பேஸ்லி அத்துமீறிப் பேச, ரோஸி அந்தக் கேக்கை அவர் தலையிலேயே கவிழ்த்துவிடுகிறாள். ஜார்ஜின் வேலை போகிறது. தன்னால்தான் இந்தக் கஷ்டம் என்று ரோஸி வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். பிறகு தலையிலிருந்து வழிந்ததை ருசி பார்த்த ஸ்பேஸ்லி மனம் மாறுகிறார். ரோஸியை வைத்துக்கொள்ளட்டும் என்று ஜார்ஜுக்குச் சம்பளத்தையும் கூட்டிக் கொடுக்கிறார். நூறு வருடம் தாண்டிய நகரத்தில் குடும்பத்தைக் காப்பாற்றுவது விண்வெளிக் கருவி எதுவும் இல்லை, ஒரு பழைய கேக். எழுதியவர்கள் எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள் என்று இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஜேனின் அலுப்பை மட்டும் சிரித்துக் கடந்துவிடாதீர்கள். பட்டன் அழுத்தவே சலிப்பா என்று நகைக்க வைப்பதுதான் காட்சியின் நோக்கம். பதிவு செய்த சிரிப்பொலியும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் இந்தத் தொடரின் முதல் சுற்று ஓடிக்கொண்டிருந்த 1963 பிப்ரவரியில்தான் பெட்டி ஃப்ரீடனின் ‘தி ஃபெமினின் மிஸ்டிக்’ வெளியானது. எல்லா வசதியும் உள்ள வீட்டுக்குள் அமெரிக்கப் பெண்கள் ஏன் புழுங்கினார்கள் என்று கேட்ட புத்தகம் அது. ஜேனுக்கு எல்லாமே இருக்கிறது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. கார்ட்டூன் அதை நகைச்சுவையாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. பெண்ணின் அலுப்புக்கு இன்னொரு பெண் உருவத்தை வேலைக்கு வைப்பதைத் தவிர வேறு வழி அதற்குத் தோன்றவில்லை. எதிர்காலக் கூட்டத்தில் வெள்ளை முகம் தவிர வேறு முகமும் இல்லை. கறுப்பின மக்கள் உரிமைக்காகத் தெருவில் நின்ற வருடங்களில் வரைந்த படம் இது. இவற்றையும் சேர்த்துப் பார்ப்பதால் ரசனை குறைவதில்லை. அது எந்த ஊரின், எந்த வகுப்பின் கனவு என்பது தெளிவாகிறது.

அன்று தொடர் பெரிதாக ஓடவில்லை. ஞாயிறு இரவு அதே நேரத்தில் ஒரு பக்கம் வால்ட் டிஸ்னி நிகழ்ச்சி, மறுபக்கம் ‘டென்னிஸ் தி மெனஸ்’. 24 எபிசோடோடு நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமைக் காலைகளில் குழந்தைகளுக்காகத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் அது தலைமுறைகளின் நினைவில் ஏறியது. இந்தியாவில் பலருக்குத் தொண்ணூறுகளில் கார்ட்டூன் நெட்வொர்க் வழியாக வந்து சேர்ந்தது. அந்த 24-இல் ரோஸி கதையில் வருவது இரண்டே இரண்டு எபிசோடுகளில். ஆனாலும் ஜெட்சன்ஸ் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் முகங்களில் அவளும் ஒருத்தி. 1985-இல் தொடரை மறுபடி தொடங்கியபோது அவளை அடிக்கடி கொண்டுவந்தார்கள் என்றால் காரணம் இதுதான்.

ரோஸியைப் பார்த்து முடித்ததும் 1985-க்குத் தாவ வேண்டாம். அதே முதல் சுற்றில் ஆஸ்ட்ரோ என்ற நாய் வீட்டுக்கு வரும் எபிசோடைப் போடுங்கள். எல்ராய் தெருவில் கண்ட நிஜ நாயைக் கூட்டி வருகிறான். ஜார்ஜ் அதை வேண்டாம் என்று மின்சார நாய் ஒன்றை வாங்கி வருகிறான். இரண்டுக்கும் போட்டி. திருடன் வரும் இரவில் மின்சார நாய் ஜார்ஜையே பிடித்துக் கடிக்கிறது. பயந்தாங்கொள்ளி ஆஸ்ட்ரோவோ தடுக்கி விழுந்தே திருடனைப் பிடித்துவிடுகிறது. ரோஸியின் கதைக்குப் பின்னால் இருந்த அதே எண்ணம் இங்கேயும் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். அங்கே இயந்திரமே மனுஷியானது, இங்கே இயந்திரம் தோற்றது. இரண்டில் எது நல்ல எபிசோட் என்று வீட்டில் பிள்ளைகளோடு வாதம் செய்யலாம். நான் ரோஸியின் பக்கம்.