காளத்தியும் ஐக்காரிஸும்: சித்திரக்கதையில் தெய்வப்பெயர் மாற்றம்

ஜாக் கிர்பி எழுதி வரைந்த ‘தி இட்டர்னல்ஸ்’ என்னும் சித்திரக்கதையை அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1976இல் வெளியிடத் தொடங்கியது. விண்ணிலிருந்து வந்த பேருருவினர் தொல்மாந்தரிடம் செய்த சோதனையால் ஓரினம் தோன்றியது. அவ்வினத்தாரையே கிரேக்கர் தெய்வங்களாகக் கொண்டனர் என்பது கதையின் அடிப்படை. இதற்குக் கதை காட்டும் சான்றுகளுள் குறிப்பிடத்தக்கவை பெயர்கள். ஜூராஸ் ஜீயஸ் ஆகிறான். தீனா அதீனா ஆகிறாள். மக்காரி உரோமரின் மெர்குரி ஆகிறான். வீறார்ந்த நடையுடைய இக்கதையில் நகைச்சுவையும் பெரிதும் இப்பெயர் விளையாட்டையே சார்ந்துள்ளது. ஆதலின் இதனைத் தமிழாக்குவோர் பெயர்களை வெறுமனே ஒலிபெயர்ப்பின் கதையின் வாதமும் நகையும் ஒருங்கே கெடும்.

இவ்விடத்துத் தமிழுக்கு வழிகாட்டத்தக்க இணை ஒன்று உண்டு. சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கும் காளஹஸ்தியைத் தேவார மூவரும் காளத்தி என்றே பாடினர். ஹகரம் கெடுதலும் ஸ்த என்பது த்த ஆதலும் தமிழின் இயல்பு. மஸ்தகம் மத்தகம் என்றும், ஹஸ்தம் அத்தம் என்றும் வழங்குதல் காண்க. தலபுராணமோ ஸ்ரீ என்பதைச் சிலந்தியாகவும், காளம் என்பதைப் பாம்பாகவும், ஹஸ்தி என்பதை யானையாகவும் பிரித்து, பெயருக்குள்ளேயே கதையைக் காண்கிறது. கிர்பி செய்வதும் இத்தகைய சொற்பிறப்புக் கற்பனையே.

முதல் இதழில் நாயகன் ஐக் ஹாரிஸ் என்ற பெயரில் மானிடரிடையே உலவுகிறான். அவனது உண்மைப் பெயர் ஐக்காரிஸ். காளஹஸ்தியில் கெட்ட அதே ஹகரம் இங்கும் கெடுவதால் இச்சிலேடை தமிழில் இயல்பாகவே பொருந்துகிறது. கதையில் வரும் ஸெர்ஸி, கிரேக்கக் காப்பியத்தில் வரும் மாயக்காரி ஸெர்ஸியே. ஆங்கிலத்தில் இவ்விரு பெயர்களும் எழுத்தால் வேறுபட்டு ஒலியால் ஒன்றுபடுவன. ஒலிபெயர்ப்பில் அவ்வேறுபாடு மறைகிறது. எனினும் ‘ஸெர்ஸி’, ‘செர்சி’ எனக் கிரந்த எழுத்தாலும் தமிழெழுத்தாலும் முறையே எழுதின், கண்ணுக்கு மட்டும் புலனாகும் அந்நயம் மீளும். தீனா என்பதே அரிய இடம். ரங்கன் அரங்கன் ஆவதுபோல் இங்கும் முன்னர் அகரம் தோன்றுகிறது. ஆயினும் தமிழில் அவ்விதி ரகர முதற்சொற்கு உரியதேயன்றித் தகரத்திற்கு உரியதன்று.

கதையின் குறை வேறிடத்தில் உள்ளது. அதில் விண்ணவர் வடிவமே மெய். மக்கள் நாவில் திரிந்தது பிழை. காளத்தி அவ்வாறு கருத இடந்தருவதில்லை. ஒலிவிதி இரு வடிவங்களுக்கும் உள்ள உறவைக் காட்டுமேயன்றி, அவற்றுள் ஒன்றைப் பொய்யாக்காது. திரிந்ததாகக் கருதப்படும் வடிவிலேயே தேவாரம் பாடப்பட்டது. எனவே மொழிபெயர்ப்பாளர் மானிடர் வழங்கும் பெயரைக் கொச்சையாக்கி நகைப்பூட்டுதல் தகாது. இரு பெயர்களும் தத்தம் மரபில் செம்மையுடையனவாக நிற்க, அவற்றிடையே உள்ள உறவு மட்டும் வாசகனுக்குச் சட்டெனப் புலப்படுமாறு அமைத்தலே சிறந்த பெயர்ப்பு எனலாம்.