நீங்கள், நீ: ப்ளாஃப்ட் தொகுப்பை முன்வைத்து

அம்மாவின் ரமணிசந்திரன் நாவல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைதான்: தமிழ் முரசு. எங்கள் வீவக வீட்டுச் சமையலறையில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் அவை அடுக்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு மீன் வாங்கப் போனால், திரும்பும்போது பைக்குள் புதிதாக ஒன்று வந்திருக்கும். 2008இல், தொடக்கநிலை ஐந்து படிக்கும்போது, ஒன்றை எடுத்துப் பிரித்தேன். "அது உனக்கு வேணாம்மா, பெரியவங்க படிக்கிறது" என்று அம்மா வாங்கி வைத்துவிட்டார். நான்கைந்து வருடம் கழித்து எம்ஆர்டியில் உட்கார்ந்து ஆங்கிலக் காதல் நாவல்களை அட்டை தெரியவே படித்தேன். அந்த அட்டைகளில் சட்டை போட்ட ஆண்கள் குறைவு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை இங்கிலீஷ் படிக்குது என்று பெருமைதான்.

அதே 2008இல்தான் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுஜனக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பை வெளியிட்டது. தேர்வும் மொழிபெயர்ப்பும் ப்ரீதம் சக்ரவர்த்தி, பதிப்பாசிரியர் ராகேஷ் கன்னா. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன், புஷ்பா தங்கதுரை, இந்திரா சௌந்தர்ராஜன் என்று 10 எழுத்தாளர்கள், 17 கதைகள். பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய சாணித்தாள் நாவல்களின் உலகம், பழைய அட்டைப்படங்களோடு. சென்னை போய் வந்த தோழி ஒருத்தி வாங்கிக் கொடுத்து, இந்த வருடம்தான் படித்தேன். ஒரு தமிழச்சி தமிழ்க் கதையை ஆங்கிலத்தில் படிப்பது கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் எனக்கு அதுதான் வேகமாக வருகிறது, என்ன செய்ய?

துப்பறியும் கதை, அறிவியல் கதை, மறுபிறவிக் கதை, குடும்பக் கதை என்று தொகுப்பில் வகைகள் பல. வரிசையாகப் படித்தபோது எனக்குத் தோன்றியது இது: இந்த வகைகள் எல்லாம் காதலுக்கும் காமத்துக்கும் துணைக்கு வரும் ஆட்கள். ஆசை இங்கே தனியாகத் தெருவில் நடக்க முடியாது. கூட யாராவது வர வேண்டும். பரத்தும் சுசீலாவும், நரேந்திரனும் வைஜயந்தியும் நாள் முழுக்கச் சேர்ந்து சுற்றலாம், சீண்டிக்கொள்ளலாம். ஏனென்றால் எங்கோ ஒரு பிணம் விழுந்திருக்கிறது. கொலை நடந்த ஊரில் 'இந்தப் பொண்ணு யாரு, இவனோட ஏன் வந்தா' என்று யாரும் கேட்பதில்லை. மறுபிறவிக் கதை இன்னும் சௌகரியம். போன ஜென்மத்துக் காதலுக்கு இந்த ஜென்மத்து அப்பா அம்மாவின் சம்மதம் எதற்கு? ரமணிசந்திரன் உலகிலோ துணைக்கு வருவது தாலி. பல நாவல்களில் கல்யாணம் முதலில், சந்தேகமும் கோபமும் அடுத்து, காதல் கடைசியில்.

இது தமிழுக்குப் புதிதும் இல்லை. அகப்பாடல்களில் குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல் என்று ஒவ்வொரு திணைக்கும் ஓர் உரிப்பொருள் உண்டு. தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது. நடுவில் பேச ஒரு தோழி உண்டு. அந்தத் தோழியின் வேலையைத்தான் சாணித்தாள் நாவலில் துப்பறிவாளர் பார்க்கிறார் என்று சொன்னால் என் தமிழாசிரியர் மன்னிக்க மாட்டார். ஆனாலும் சொல்கிறேன்.

துணை கிடைக்காதவர் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. புஷ்பா தங்கதுரைதான் ஸ்ரீவேணுகோபாலன். திருவரங்கக் கோயிலின் வரலாற்றைத் 'திருவரங்கன் உலா'வாக எழுதிய அதே கை, இன்னொரு பெயரில் விலைமாதர் உலகத்தை எழுதியது. பக்தி சொந்தப் பெயரில், காமம் புனைபெயரில். அம்மாவின் தமிழ் முரசு அட்டையும் ஒருவிதப் புனைபெயர்தானே.

மொழிபெயர்ப்பு சரளமாக இருக்கிறது. ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் ஓர் இடத்தில் சூடு ஆறிவிடுகிறது. நம் நாவல்களில் முத்தத்தைவிடப் பெரிய சம்பவம் 'நீங்கள்' என்பது 'நீ' ஆவது. நூறு பக்கம் 'வாங்க, போங்க' என்றவள் ஒரு கோபத்தில் 'நீ' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடிக்கும்போது படிப்பவருக்குக் காது சிவக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'யூ'தான். அங்கே கதை நகர்ந்துவிடுகிறது, ஆனால் எதுவும் நடந்த மாதிரி இல்லை. ப்ரீதம் சக்ரவர்த்தியைக் குறை சொல்ல முடியாது, அந்த மொழியில் அதற்கு இடமே இல்லை.

எனக்கு இது சும்மா மொழியியல் விஷயம் இல்லை. நானும் என் காதலனும் தமிழர்கள். பேசுவது ஆங்கிலம். ஒருநாள் டன்லப் ஸ்திரீட்டில் டீ குடிக்கும்போது, "நீ சொல்ற ஐ லவ் யூவை ஒருதடவை தமிழ்ல சொல்லு பார்ப்போம்" என்றான். உன்னையா, உங்களையா என்பதிலேயே நின்றுவிட்டேன். பத்து வருடம் பள்ளியில் தமிழ் படித்தவள். வாய்மொழித் தேர்வில் சுற்றுச்சூழல் பற்றியும் முதியோரை மதிப்பது பற்றியும் மூச்சுவிடாமல் பேசியிருக்கிறேன். ஆசைப்படுவதற்கு மட்டும் அந்தத் தமிழில் ஒரு வாக்கியம்கூட இல்லை. அந்த வாக்கியங்கள் மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருந்திருக்கின்றன.

இந்த இடத்தில்தான் தொகுப்பின் மீது எனக்கு ஒரு வருத்தம். அதன் துள்ளலான வடிவமைப்பு, 'பாருங்கள், எவ்வளவு ரகளை!' என்று நம்மைச் சிரிக்கக் கூப்பிடுகிறது. நானும் சிரித்தேன். ஆனால் அம்மா அந்த நாவல்களைப் படித்து ஒருநாளும் சிரித்ததில்லை. அவற்றின் நாயகர்கள் முரடர்கள், பெண்ணை அவமானப்படுத்திவிட்டுக் கடைசி அத்தியாயத்தில் உருகுபவர்கள். என் தலைமுறை அதைக் காதல் என்று ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. இருந்தாலும் முப்பது வருடமாக அப்பாவை 'என்னங்க' என்றே கூப்பிடும் ஒரு பெண்ணுக்கு, ஒருவன் கடைசியில் உருகுகிறான் என்பதே போதுமானதாக இருந்திருக்கலாம்.

புத்தகத்தை முடித்ததும் அம்மாவிடம் ஒரு ரமணிசந்திரன் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு டப்பாக்களை நகர்த்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் ஆகிறது எனக்கு. இப்போது எண்பதாம் பக்கம். இன்னும் 'நீங்கள்'தான். நேற்று அம்மா கதவோரம் நின்று கேட்டார்: "எதுவரைக்கும் வந்திருக்க? அவன் மன்னிப்புக் கேட்டுட்டானா?"