ஒரு லேப் தாளின் நயம்

கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோய் வந்தவரின் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கியதும், எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடுகிறோம். அந்தத் தாளுக்கு அது போதாது. பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின், சோடியம், பிளேட்லெட்: ஒரு சாதாரண லேபிலேயே எடுத்துவிடக்கூடிய இந்த ஐந்தையும் சேர்த்து வாசித்தால், வரப்போகும் ஆபத்து முன்கூட்டியே தெரியும். நவீன மருத்துவத்தில் இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு அழகான வேலைப்பாடு அரிது.

சிரோசிஸின் தீவிரத்தை அளக்கச் சைல்டும் டர்காட்டும் 1964இல் வகுத்து, பியூ 1973இல் திருத்திய சைல்ட்-பியூ அளவுகோலில் ஐந்து அம்சங்கள். மூன்று ரத்தத்தில் தெரிபவை. வயிற்றில் நீர் கட்டுவது, புத்தி தடுமாறுவது என்ற மற்ற இரண்டும் டாக்டரின் கண்ணை நம்பியவை. ஒருவர் கொஞ்சம் என்பதை இன்னொருவர் நிறைய என்பார். மேயோ கிளினிக்கின் பேட்ரிக் காமத்தும் சகாக்களும் 2001இல் வெளியிட்ட மெல்ட் மதிப்பெண் அந்த இரண்டையும் துணிந்து விட்டுவிட்டது.

மெல்ட் தான் எடுத்துக்கொண்ட பிலிருபின், ஐ.என்.ஆர்., கிரியாட்டினின் எண்களை அப்படியே கூட்டுவதில்லை. மடக்கை எடுத்துக் கூட்டுகிறது. அதனால் கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் 1லிருந்து 2 ஆனாலும், 10லிருந்து 20 ஆனாலும் ஏறுவது ஒரே அளவு, சுமார் 2.6. ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். இரட்டித்தால் ஏறுவதோ சுமார் 7.8. வீட்டார் பயப்படுவது மஞ்சளித்த கண்ணைப் பார்த்து. கணக்கு அதைவிடப் பயப்படுவது ரத்தம் உறையத் தாமதிப்பதைப் பார்த்து. ஐ.என்.ஆருக்கு அந்த மரியாதை தகும். ரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் ஒன்றான ஏழாம் காரணி சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். கல்லீரல் அதை ஓயாமல் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். கல்லீரல் செய்யும் இன்னொரு புரதமான ஆல்புமின் பாதியாகச் சுமார் 20 நாள் ஆகும். ஆல்புமின் காட்டுவது போன வாரங்களின் கல்லீரலை, ஐ.என்.ஆர். காட்டுவது இன்றைய கல்லீரலை.

கல்லீரல் கணக்கில் சிறுநீரகத்தின் கிரியாட்டினின் எப்படி வந்தது? கல்லீரலில் அழுத்தம் ஏறியதும் குடல் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்து விடுகின்றன. உடம்போ ரத்தம் குறைந்துவிட்டதென்று எண்ணிச் சிறுநீரகக் குழாய்களை இறுக்குகிறது. பழுதே இல்லாத சிறுநீரகம் இப்படித்தான் நின்றுபோகிறது, கிரியாட்டினின் ஏறுகிறது. அவ்வாறு நின்ற சிறுநீரகங்களை வேறொருவருக்குப் பொருத்தியபோது அவை மறுபடி வேலை செய்ததை 1969இலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

பிளேட்லெட்டின் நயம் இன்னும் நுட்பமானது. அதே அழுத்தத்தால் மண்ணீரல் வீங்கிப் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதை உற்பத்தி செய்யத் தூண்டும் ஹார்மோனையும் நலிந்த கல்லீரல் குறைவாகவே சுரக்கிறது. ஆகவே பிளேட்லெட் இறங்குவது, உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்து ரத்த வாந்தி வரக்கூடும் என்பதற்கு முன்னறிவிப்பு. நோய் இன்னும் முற்றாதவருக்கு பிளேட்லெட் 1,50,000க்கு மேலும், கல்லீரலின் இறுக்கத்தைக் காட்டும் ஃபைப்ரோஸ்கேன் அளவு 20 கிலோபாஸ்கலுக்குக் கீழும் இருந்தால் எண்டோஸ்கோப்பியைத் தவிர்க்கலாம் என்று 2015இல் பவேனோ மாநாட்டு நிபுணர்கள் வகுத்தார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்கும் வேதனையிலிருந்து எத்தனை பேரை இரண்டு எண்கள் காப்பாற்றுகின்றன!

மெல்ட் கணக்கின் பெரிய நயம், அது தன்னைத் திருத்திக்கொள்வது. சோடியம் இறங்குவதும் ஆபத்து என்று தெரிந்ததும் மாற்றுக் கல்லீரல் யாருக்கு முதலில் என்பதை மெல்ட்டைக் கொண்டு முடிவு செய்யும் அமெரிக்கா, 2016இல் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது. பெண்களுக்குத் தசை குறைவு, அதனால் கிரியாட்டினினும் குறைவு. நோய் முற்றிய பெண்ணும் மதிப்பெண்ணில் பின்தங்கி, மாற்றுக் கல்லீரலுக்கான வரிசையில் பின்னால் நின்றாள். 2023இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த மெல்ட் 3.0 ஆல்புமினைச் சேர்த்துக்கொண்டு, பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டித் தந்தது.

இத்தனையும் ஒரு சிறு குழாயை நம்பி நிற்கிறது. ஐ.என்.ஆருக்கான நீல மூடிக் குழாயில் ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் வேண்டும்; கோடு வரை நிறையாவிட்டால் எண் பொய்யாக ஏறும். எல்.எஃப்.டி. என்ற கல்லீரல் பரிசோதனையை எடுக்கச் சொன்னால் ஐ.என்.ஆர். பெரும்பாலும் அதில் அடங்காது; தனியாகக் கேட்க வேண்டும். வீட்டில் சிரோசிஸ் நோயாளி இருந்தால் பழைய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, மெல்ட் எவ்வளவு, பிளேட்லெட் எந்தப் பக்கம் போகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.