சாயக்கழிவில் மின்திரட்டல்: நிறம் போகும், உப்பு போகுமா?

திருப்பூர் சாயப்பட்டறையின் கழிவுநீரில் அலுமினியத் தகடுகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், நேர்மின்வாய்த் தகடு கரையத் தொடங்குகிறது. கரைந்த அலுமினியம் ஹைட்ராக்சைடுத் திரளாகிச் சாயத்தைப் பற்றிக்கொள்கிறது. எதிர்மின்வாயில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அந்தத் திரளை நுரையாக மேலே தூக்குகின்றன. கருநீலத் தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிகிறது. இதுதான் மின்திரட்டல். ஆய்வகங்களில் 90 சதவீதத்துக்கு மேல் நிறம் நீங்கியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன; அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது நிறம் மட்டுமா? ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற, சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறார்கள். கிட்டத்தட்ட அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறிவிடுகிறது. பாசனத்துக்கென அந்த ஆற்றில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியானது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னது சென்னை உயர்நீதிமன்றம். வெளியேறும் நீரில் கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. மின்திரட்டலோ சோடியத்தையும் குளோரைடையும் அப்படியே விட்டுவிடுகிறது. மின்சாரம் எளிதாகப் பாய்வதற்கே அந்த உப்புதான் துணை!

செலவும் சிறிதல்ல. 1 ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் சுமார் 0.34 கிராம் அலுமினியம் கரையும். தகடு தேய்ந்தால்தான் வேலையே நடக்கும் என்பதால், தகடு மாற்றுவதும் அதில் படியும் ஆக்சைடைச் சுரண்டுவதும் ஓயாத செலவு. கசடு குறையலாம், ஒழியாது; அதை அபாயக் கழிவாகவே கையாள வேண்டும்.

இந்த முறைக்கு ஆதரவாக நான் கனமாக எடுத்துக்கொள்ளும் வாதம் ஒன்று உண்டு. பெரஸ் சல்பேட் கொட்டும் பழைய முறை, ஏற்கெனவே உப்பேறிய நீரில் சல்பேட்டையும் சேர்க்கிறது. தகடு கரைவதில் அந்தச் சுமை இல்லை. எனவே சவ்வின் வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வுக்கு முந்தைய படியாக இது பொருத்தமானது. மிஞ்சும் அலுமினியம் சவ்வில் படியாதபடி இடையில் நல்ல வடிகட்டல் மட்டும் கட்டாயம் வேண்டும்.

ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் இல்லாமல் இது ஒன்றே போதும் என்று யார் சொன்னாலும் அதை நிராகரிக்கத்தான் வேண்டும். ஆலை நடத்துபவர்களே, இக்கருவியை விற்க வருபவர் தெளிந்த நீரைக் குடுவையில் காட்டினால் அதோடு விட்டுவிடாதீர்கள். உங்கள் கழிவுநீரிலேயே ஓட்டச் சொல்லி, மின் யூனிட், தகட்டின் தேய்மானம், கசட்டின் எடை, முன்னும் பின்னும் டி.டி.எஸ். ஆகிய நான்கையும் எழுதி வாங்குங்கள்.